திரிசலா நிறுத்திய நிகழ்ச்சி

எங்கள் பல்கலைக்கழக அடையாள அட்டையைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் ஒரு கைபேசி எண் இருக்கும். அலுவலக எண் என்றுதான் புதிதாகச் சேர்கிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அது வளாகப் பாதுகாப்புத் தலைவர் திரிசலாவின் சொந்த எண். ஐயாயிரத்து இருநூறு மாணவர்களுக்கு ஒருவர் தன் எண்ணைக் கொடுப்பது பைத்தியக்காரத்தனம் என்று பலரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். "கூப்புடறதுக்குத்தான பானு நம்பர் குடுக்கிறது?" என்று என்னையே திருப்பிக் கேட்டுவிட்டு, அட்டையை அச்சுக்கு அனுப்பிவிட்டார்.

நான் இங்கே நூலகத்தில் பதினேழு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். ஆரணியிலிருந்து சேத்துப்பட்டு போகிற சாலையில், இரண்டு பக்கமும் வயல் சூழ இருக்கிறது எங்கள் வளாகம். நூலகத்தின் மாடி ஜன்னலிலிருந்து முதன்மை வாயிலும் தெரியும், திறந்தவெளி அரங்கமும் தெரியும். அதனால் திரிசலாவின் வேலையில் பாதியை நான் கண்ணால் பார்த்தவள். மீதியை அவர் வாயால் கேட்டவள்.

அவர் பிறந்தது ஆரணிக்குப் பக்கத்தில் ஒரு நயினார் குடும்பத்தில். தமிழ்ச் சமணர்களை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். அப்பாவுக்கு நெல்லும் மணிலாக் கடலையும் விளைகிற நான்கு ஏக்கர். திரிசலா பள்ளியில் எறிபந்து ஆடினார், மாவட்ட அணி வரைக்கும் போனார். அந்த உயரத்துக்கும் தோளுக்கும் காவல் துறை சரியாக இருக்கும் என்று உடற்பயிற்சி ஆசிரியை விண்ணப்பம் வாங்கிக் கொடுத்தார். தொண்ணூற்று ஏழில் இரண்டாம் நிலைக் காவலராகத் தேர்வானபோது வீட்டில் ஒரு பஞ்சாயத்தே நடந்ததாம்.

"எறும்ப மெரிக்காம நடக்கிற வூட்டுப் பொண்ணு லத்தி புடிக்கிறதா?" என்று கேட்டார் தாய்மாமா.

"புடிக்கத்தான் மாமா போறேன். அடிக்கணும்னு யாரு சொன்னது?" என்றார் திரிசலா.

இருபத்தொரு ஆண்டு அவர் காவல் துறையில் இருந்தார். லத்தியால் ஒரே ஒரு தடவை ஒரு வெறிநாயை விரட்டியதாகச் சொல்வார். அவருக்குக் கிடைத்ததெல்லாம் பெரும்பாலும் கூட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஆடி வெள்ளிக்குப் படவேடு, கார்த்திகைக்குத் திருவண்ணாமலை, தேர்தல் வந்தால் ஏதாவதொரு மைதானம். மற்றவர்களுக்கு அது கால்கடுக்க நிற்கிற பேஜார் பிடித்த வேலை. திரிசலாவுக்குப் பிடித்திருந்தது. தீபத்தன்று கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது மற்றவர்கள் மலையைப் பார்ப்பார்கள். இவர் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நிற்பவர்களின் கால்களைப் பார்ப்பார்.

"தள்றவன் எப்பவுமே பின்னாடிதான் இருப்பான். முன்னாடி இன்னா நடக்குதுன்னு அவனுக்குத் தெரியாது. முன்னாடி இருக்கிறவன் கத்துனாலும் கேக்காது. அதனால முன்னாடி இருக்கிறவங்ககிட்ட 'தள்ளாதீங்க'ன்னு சொல்றதுல ஒரு புண்ணியமும் இல்ல" என்று என்னிடம் ஒருநாள் விளக்கினார். கையெழுத்து வாங்க நூலகத்துக்கு வந்தவர், மேசைமேல் இருந்த புத்தகங்களையே வழியாகவும் கூட்டமாகவும் நகர்த்திக் காட்டிவிட்டுப் போனார்.

அவர் கணவர் நேமிநாதன் போளூரில் அரசுப் பள்ளிக் கணக்காசிரியர். 2018இல் எங்கள் பல்கலைக்கழகம் பெண் பாதுகாப்பு மேற்பார்வையாளர் தேவை என்று செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்தபோது அதைக் கத்தரித்து வைத்தவர் அவர்தான். திரிசலா அப்போது தலைமைக் காவலர். விருப்ப ஓய்வு கேட்டு எழுதிக்கொடுத்துவிட்டு இங்கே வந்தார்.

நேர்முகத் தேர்வில் பதிவாளர் சடையப்பன் கேட்ட முதல் கேள்வி, "பசங்கள எப்படிம்மா கட்டுப்படுத்துவீங்க?"

"பசங்கள எதுக்கு சார் கட்டுப்படுத்தணும்? அவங்களுக்கு ஒண்ணும் ஆகாம பாத்துக்கத்தான கூப்புட்டீங்க?"

சடையப்பன் கறாரானவர், ஆனால் நேரான பதிலுக்கு மதிப்புக் கொடுக்கிறவர். வேலை கிடைத்தது.

முதல் வாரம் அவர் ஒரு வேலையும் செய்யவில்லை என்று காவலர்கள் சொல்லிச் சிரித்தார்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை நடந்துகொண்டே இருந்தார். கையில் ஒரு நோட்டு. எந்தக் கட்டடத்துக்கு எத்தனை கதவு, எது உள்பக்கம் திறக்கிறது, எது வெளிப்பக்கம் திறக்கிறது, எதில் பூட்டு தொங்குகிறது என்று எழுதினார். எட்டாம் நாள் பெண்கள் விடுதிக்குப் போய், பின்பக்கப் படிக்கட்டின் கம்பிக் கதவில் தொங்கிய பூட்டைக் கழற்றச் சொன்னார். விடுதிக் காப்பாளர் ஒத்துக்கொள்ளவில்லை.

"பேரண்ட்ஸ் எங்கள நம்பி விட்டிருக்காங்க. பூட்டு இல்லன்னா நான் எப்படிப் பதில் சொல்றது?"

"மேடம், நாலு மாடி. முந்நூறு பொண்ணுங்க. கீழ கிச்சன்ல கேஸ் எரிஞ்சிகினு இருக்குது. ஒண்ணு ஆச்சுன்னா சாவி யாருகிட்ட இருக்குதுன்னு தேடிகினு இருப்பீங்களா?"

பூட்டுக்குப் பதிலாக உள்ளிருந்து தள்ளினால் திறக்கிற கதவும், திறந்தால் அலறுகிற மணியும் வந்தன. முதல் மாதம் அந்த மணி பதினோரு தடவை அலறியது. பதினோரு தடவையும் திரிசலா போய் நின்றார். யாரையும் திட்டவில்லை. பன்னிரண்டாவது தடவை அலறவே இல்லை.

அப்போது பாதுகாப்புத் தலைவராக இருந்தவர் பலராமன், ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர். அவருடைய கவனமெல்லாம் காவலர்களின் சீருடையிலும் சல்யூட்டிலும்தான். அவர் 2021இல் ஓய்வு பெற்றார். அந்த இடத்துக்கு வெளியிலிருந்து ஓர் ஓய்வு பெற்ற உயரதிகாரியைக் கொண்டுவர நிர்வாகம் பேசிக்கொண்டிருந்தது. விஷயம் காதில் விழுந்ததும் திரிசலா நேராகச் சடையப்பன் அறைக்குப் போனார்.

"அந்தப் போஸ்ட்டுக்கு நானும் இருக்கேன் சார்."

"வர்றவரு டிஎஸ்பி ரேங்க்ல இருந்தவரும்மா."

"இருக்கட்டும் சார். இந்த வளாகத்துல எத்தினி வெளிக்கதவு இருக்குதுன்னு அவர கேளுங்க. என்னியும் கேளுங்க."

"எத்தன இருக்கு?"

"நூத்தி நாப்பத்தியாறு. அதுல ரெண்டு தொறக்காது. ரிப்பேருக்கு எழுதிக் குடுத்து மூணு மாசம் ஆகுது. உங்க டேபிள்ல இருக்குது."

சடையப்பன் மேசையைத் துழாவினார். கடிதம் இருந்தது. அடுத்த மாதம் திரிசலா பாதுகாப்புத் தலைவர் ஆனார். அவருக்குக் கீழே ஐம்பத்திரண்டு காவலர்கள். அவருக்கு அப்போது நாற்பத்தேழு வயது. வந்ததும் முதல் உத்தரவு, துணைவேந்தர் காருக்குச் சல்யூட் அடிப்பதற்காக வாயிலை விட்டு யாரும் ஓடக்கூடாது என்பது. துணைவேந்தருக்கு அதில் வருத்தம்தான். வெளியே சொல்லவில்லை.

இனி அந்தப் பிப்ரவரி மாத விஷயத்துக்கு வருகிறேன். 2024ஆம் ஆண்டு கலைவிழா. சென்னையிலிருந்து ஒரு பாடகரை அழைத்திருந்தார்கள். அப்போது அவர் பாட்டு இல்லாத கைபேசியே கிடையாது. எங்கள் திறந்தவெளி அரங்கம் நாலாயிரம் பேருக்குக் கட்டியது. மூன்று பக்கம் படிவரிசை, நான்காவது பக்கம் மேடை. வெளியேற இடதும் வலதுமாக இரண்டு படிக்கட்டுகள், பின்னால் கம்பிவேலி.

இரண்டு வாரம் முன்பே திரிசலா நிபந்தனைகளை எழுதிக் கொடுத்தார். வெளியாட்களுக்கு அனுமதி இல்லை. மேடைக்கு முன்னால் இரும்புத் தடுப்பு, தடுப்புக்கும் மேடைக்கும் நடுவில் ஆறடி இடம். பின்வேலியில் நான்கு இடங்களில் கம்பியை வெட்டிவிட்டு, இழுத்தால் அவிழ்கிற கயிற்றால் கட்ட வேண்டும். கடைசியாக ஒன்று: தேவைப்பட்டால் நிகழ்ச்சியை நிறுத்தும் அதிகாரம் பாதுகாப்புத் தலைவருக்கு உண்டு என்று துணைவேந்தர் கையெழுத்துப் போட வேண்டும். வழக்கமான காகிதம் என்று நினைத்து அவரும் போட்டுவிட்டார்.

விழாக்குழு மாணவர்கள் செய்த ஒரு காரியம் எல்லாவற்றையும் குழப்பியது. வெளியாட்களும் வரலாம் என்பதுபோல் இன்ஸ்டாகிராமில் ஒரு விளம்பரம் போட்டுவிட்டார்கள். அன்று மதியம் மூன்று மணிக்கே செய்யாறு, வெம்பாக்கம், போளூர் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் பைக்குகள் வந்துகொண்டிருந்தன. முதன்மை வாயிலில் கூட்டம் சேர்ந்ததும் திரிசலா அங்கே ஓடினார். காவல் நிலையத்துக்குப் பேசி ஆள் வரவழைத்தார். வாயிலைச் சமாளித்துவிட்டு அரங்கத்துக்குத் திரும்பும்போது மணி ஐந்து.

சமண வழக்கப்படி அவர் சூரியன் மறைந்த பிறகு சாப்பிடுவதில்லை. எத்தனை வேலை இருந்தாலும் ஐந்தே காலுக்குச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவிடுவார். அன்று நான் நூலகத்தை மூடிவிட்டு அரங்கத்தின் மேல்படியில் நின்றிருந்தேன். "சாப்டீங்களா மேடம்?" என்று கேட்டேன். அவர் காதில் அது விழவே இல்லை. இடதுபக்கப் படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

படிக்கட்டின் அடியில் மூன்று தின்பண்டக் கடைகள். பானிபூரி, ஐஸ்கிரீம், இன்னொன்று நினைவில்லை. மதியத்துக்கு மேல் யாரோ கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். வழி பாதிக்குமேல் அடைந்திருந்தது. உள்ளே பாடகர் மேடையேறிவிட்டார். சுவரேறிக் குதித்து வந்தவர்களும் சேர்ந்து, ஆறாயிரம் பேராவது இருப்பார்கள்.

இரண்டாவது பாட்டில் எல்லாரும் குதித்தார்கள். எனக்கு அது கொண்டாட்டமாகத்தான் தெரிந்தது. திரிசலா என் கையைப் பிடித்தார்.

"பானு, அந்த நடுவுல பாரு. அவங்க குதிக்கல."

பார்த்தேன். தடுப்புக்குப் பக்கத்தில் இருந்த தலைகள் எல்லாம் ஒன்றாக இடது பக்கம் சாய்ந்து, ஒன்றாக வலது பக்கம் சாய்ந்தன. காற்றில் நெற்பயிர் சாய்கிற மாதிரி. யாரும் தானாக அசையவில்லை. கைகள் மேலே இல்லை, நெஞ்சுக்கு நேராக மடங்கியிருந்தன.

அதற்குள் அவர் இறங்கிவிட்டார். வாக்கிடாக்கியில் காசியம்மாளைக் கூப்பிட்டார். காசியம்மாள் பின்வேலிப் பக்கம் நின்ற மூத்த காவலர்.

"காசியம்மா, நாலு கயிறும் அவுத்துடு. ஜல்தி. அவுத்துட்டு அங்கயே நில்லு, யாரும் ஓட வேணாம், நடக்கச் சொல்லு."

பிறகு மேடையேறிப் பாடகரின் தோளைத் தொட்டார். பாட்டு நின்றது. கூட்டம் ஊளையிட்டது. திரிசலா மைக்கை வாங்கிக்கொண்டார். குரலில் அவசரம் இல்லை. வகுப்பில் வருகைப்பதிவு எடுக்கிற மாதிரி பேசினார்.

"கடைசி வரிசையில இருக்கிறவங்ககிட்ட மட்டும் பேசறேன். உங்களுக்குப் பின்னாடி வேலி தொறந்திருக்குது. திரும்பிப் பாருங்க. பாத்தவங்க கைய தூக்குங்க."

சிலர் கை தூக்கினார்கள்.

"நல்லது. கை தூக்குனவங்க அப்படியே திரும்பி கிரவுண்டுக்கு நடந்து போங்க. அவசரம் இல்ல. மத்தவங்க எடத்துலயே நில்லுங்க, உங்க வரிசைய நான் கூப்புடறேன்."

முன்னால் நசுங்கிக்கொண்டிருந்தவர்களிடம் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசிப் பயனில்லை என்று அவருக்குத் தெரியும். பின்னாலிருந்து வரிசை வரிசையாகக் கூப்பிட்டார். பாடகரும் புரிந்துகொண்டு, "அக்கா சொல்றதக் கேளுங்கப்பா, ப்ளீஸ்" என்று கும்பிட்டார். கீழே ஆறடி இடைவெளியில் நின்ற காவலர்கள் தடுப்புக்கு மேலாகப் பிள்ளைகளைத் தூக்கி எடுத்தார்கள். முதலில் தூக்கப்பட்டவள் லாவண்யா, இரண்டாம் ஆண்டு வேதியியல். அவள் உதடு நீலம் பாரித்திருந்தது. மொத்தம் பதினான்கு பேரைத் தூக்கினார்கள். இருபத்திரண்டு நிமிடத்தில் அரங்கம் காலியானது.

இரண்டு பேரை ஆரணி மருத்துவமனைக்கு அனுப்பினோம். மறுநாள் காலையில் இருவரும் இட்லி சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தார்கள். வேறு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஒன்றும் ஆகாததுதான் பிரச்சினையாகிவிட்டது. அன்றே கைபேசிகளில் வசை கிளம்பியது. ஆன்ட்டி வந்து ஷோவைக் கெடுத்துவிட்டது என்றார்கள். அவருடைய எண்தான் எல்லார் அட்டையிலும் இருக்கிறதே, நேராகவே கூப்பிட்டுத் திட்டினார்கள். ஒவ்வொரு அழைப்பையும் எடுத்தார். "சரிப்பா, நீ பத்திரமா வந்துட்டியா?" என்று கேட்டார். பாதிப்பேர் அதற்குமேல் திட்ட முடியாமல் வைத்துவிட்டார்களாம்.

நான்காம் நாள் விசாரணை. பல்கலைக்கழகத்தை நடத்துகிற அறக்கட்டளையின் அறங்காவலர் ஒருவர் தலைமை. நேரில் பார்த்த சாட்சியாக என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். திரிசலா ஏற்கனவே ஆறு பக்க அறிக்கை கொடுத்திருந்தார். அறங்காவலர் அதைப் புரட்டிவிட்டு மேசைமேல் போட்டார்.

"யாருக்கும் ஒரு கீறல் இல்ல. அப்புறம் எதுக்கும்மா நிறுத்துனீங்க? வெளிய எவ்ளோ கெட்ட பேரு தெரியுமா?"

"கீறல் இல்லாததுக்குக் காரணமே நிறுத்துனதுதான் சார்."

"அது உங்க கணிப்பு."

திரிசலா மடிக்கணினியைத் திருப்பி வைத்தார். அரங்கக் கேமராப் பதிவு. சத்தமில்லாமல் ஓடியது. அந்தத் தலைகள் சாய்ந்தன, நிமிர்ந்தன, மறுபடி சாய்ந்தன. பதிவை நிறுத்திவிட்டு, வெளியே உட்கார்ந்திருந்த லாவண்யாவைக் கூப்பிட அனுமதி கேட்டார்.

லாவண்யா உள்ளே வந்ததும் உட்காரவில்லை. "சார், ரெண்டாவது பாட்டு ஆரம்பிச்சதுலேர்ந்து என் கால் தரையிலயே இல்ல. மூச்சு வெளிய விட்டா திரும்ப இழுக்க முடியல. பக்கத்துல இருந்த அக்கா மயங்கிட்டாங்க, ஆனா கீழ விழல, விழறதுக்கு எடம் இல்ல. அம்மாவ நெனச்சிகினேன். அவ்ளோதான்னு நெனச்சேன்."

 அறங்காவலர் மறுபடி அறிக்கையை எடுத்தார். ஐந்தாம் பக்கத்தில் அவர் விரல் நின்றது.

"இங்க நீங்களே எழுதியிருக்கீங்களே. 'இடதுபுறப் படிக்கட்டை மூன்று மணிக்கு நான் பார்வையிட்டிருக்க வேண்டும். பார்க்கவில்லை. அது என் தவறு.' இது என்ன?"

"ஆமா சார். வாசல்ல கூட்டம்னு நான் ஓடிட்டேன். ஓடறதுக்கு முன்னாடி இந்த வேலைய நம்ம காவலர் ஜெயவேல்கிட்ட குடுத்திருக்கணும். குடுக்கல. கடைங்க அப்பத்தான் வந்திருக்குது."

"இத எழுதலன்னா எங்களுக்குத் தெரிஞ்சிருக்காதே."

"அடுத்த வருசம் யாராவது இதப் படிச்சிட்டு மூணு மணிக்குப் போயி பாப்பாங்க இல்ல சார். அதுக்குத்தான் எழுதுனேன்."

அந்த ஒரு வரிக்காக அவருக்கு மெமோ கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. வெளியே வந்ததும், "எதுக்கு மேடம் நீங்களே போய் மாட்டிகினீங்க?" என்று கேட்டேன்.

"மெமோ வாங்குறது ஒண்ணும் பெரிசில்ல பானு. அந்தப் பொண்ணு நடந்து வந்து பேசுனா பாத்தியா?" என்றார். முகத்தில் கொஞ்சமும் வாட்டம் இல்லை. நான் ஆறுதல் சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை.

ஆனால் அன்று சாயங்காலம் நேமிநாதன் பைக்கில் அழைத்துப்போக வந்தபோது, வண்டியில் ஏறாமல் சிறிது நேரம் வாயில் பக்கத்தில் நின்றார். பிறகு கணவரிடம், "அந்தப் பொண்ணு உதடு நீலமா இருந்துச்சுங்க" என்று மட்டும் சொன்னார். நேமிநாதன் வண்டியை அணைத்துவிட்டு அவரும் கூடவே நின்றார்.

அடுத்த ஆண்டு விழாவுக்கு, நிர்வாகம் அவருடைய அந்த ஆறு பக்கத்தை அப்படியே விதிமுறையாக அச்சடித்துவிட்டது. மெமோ வாங்கித் தந்த வரியும் அதில் இருந்தது, "மூன்று மணிக்கு இரு படிக்கட்டுகளையும் பார்வையிட வேண்டும்" என்று. விழாவை மைதானத்துக்கு மாற்றி இரண்டு வேளையாகப் பிரித்தார்கள். நான் இரண்டு வேளையும் பார்த்தேன். யாரும் யாரையும் இடிக்கவில்லை. விழாக்குழுவில் லாவண்யாவும் இருந்தாள், கையில் கடைகளின் வரைபடத்தோடு.

பக்கத்து ஊர்க் கல்லூரிகளிலிருந்து விழா வைப்பதற்கு முன் திரிசலாவைக் கூப்பிட்டு இடத்தைக் காட்டுகிறார்கள். சில இடங்களில் அவர் சொல்வதைச் செய்கிறார்கள். செய்யாத இடங்களுக்கு, தான் சொன்னதை எழுத்தில் அனுப்பிவைக்கிறார்.

இந்த ஆண்டு ஜூனில், அறக்கட்டளையின் மூன்று வளாகங்களுக்கும் சேர்த்து அவரைப் பாதுகாப்பு இயக்குநர் ஆக்கினார்கள். செய்தியைச் சொல்லச் சடையப்பனே நேரில் வந்தார். தனி அறை, கார் எல்லாம் உண்டு என்றார்.

"கார் இருக்கட்டும் சார். மெயின் கேட்டுக்கு எதிர்ல பஸ் ஸ்டாப்பு இருக்குது பாருங்க. பசங்க ரோட்ட தாண்டித்தான் வரணும். லாரிங்க எறங்கற எறக்கம். போன மாசம் மட்டும் மூணு தடவ டயர் தேய்ற சத்தம் கேட்டேன். பஸ் ஸ்டாப்ப இந்தப் பக்கம் மாத்தணும், இல்லன்னா சுரங்கப்பாதை வேணும். நெடுஞ்சாலைத் துறைக்கு ஒரு லெட்டர் போடணும், உங்க கையெழுத்தோட."

"வளாகத்துக்கு வெளிய இருக்கிறதும்மா அது. நம்ம வேலை இல்லையே."

"பசங்க நம்ம பசங்கதான சார்?"

சடையப்பன் பேனாவைத் தேடினார். கடிதம் ஏற்கனவே தட்டச்சாகி அவர் முன்னால் இருந்தது. திங்கட்கிழமை காலை அதை எடுத்துக்கொண்டு திரிசலா கோட்டப் பொறியாளர் அலுவலகத்துக்குப் போனார். பொறியாளர் இல்லை, புதன்கிழமை வரச் சொன்னார்கள். புதன்கிழமையும் போனார். இப்போது வாயிலுக்கு எதிரே இரண்டு பேர் நாடாவைப் பிடித்துச் சாலையை அளந்துகொண்டிருக்கிறார்கள். திரிசலா நடுவில் நின்று லாரிகளை நிறுத்திக்கொண்டிருக்கிறார்.